தோனிக்கு இந்தப் பெயர் தகுமா?

கடலாடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தால் மைக்கில் மாட்டுக்காரர் பெயரும் ஊரும் முழங்கும். சாரதி பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். ஓடியது என்னவோ மாடு!

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இலக்கு 275. சேவாக் டக், சச்சின் 18. 31 ரன்னுக்கே இருவரும் அவுட். அங்கே நின்று 97 ரன் சேர்த்தவர் கம்பீர். 362 ரன், 15 விக்கெட்டுடன் தொடர் நாயகன் ஆனவர் யுவராஜ். நம் கண்ணில் நிற்பதோ குலசேகரா பந்தைத் தோனி தூக்கியடித்த கடைசி சிக்ஸர்.

அதற்காகத் தோனியின் பெயர் இரவல் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தொடரில் அதுவரை ஒரு அரைசதம்கூட அடிக்காத மனிதர், நல்ல ஃபார்மில் இருந்த யுவராஜை உட்காரவைத்துவிட்டுத் தானே இறங்கினார். எதிரே முரளிதரன், சென்னை அணியின் வலைப்பயிற்சியில் பார்த்துப் பழகிய கை. 79 பந்தில் 91, நாட் அவுட். சொதப்பியிருந்தால் நாடே அவரை வறுத்தெடுத்திருக்கும். ஐந்து ஐபிஎல் கோப்பைகளைவிட இந்த ஒரு துணிச்சலுக்கே அவருக்கு அதிக மார்க் போடுவேன்.

ஆட்டநாயகன் விருதை மட்டும் அன்று கம்பீருக்குக் கொடுத்திருக்கலாம்.