தொலைவா, களைப்பா: வான்பயணமும் பயணச் சலுகையும்

இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹில் பயணிக்குத் தனி நிலை உண்டு. நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட லுஹர், அஸர், இஷா தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழவும், ரமலான் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் நோற்கவும் அவருக்குச் சலுகை உள்ளது; சுருக்கித் தொழுவது கஸ்ர் எனப்படும். எவ்வளவு சென்றால் ஒருவர் பயணியாவார் என்பதை மத்ஹபுகள், அதாவது சட்ட மரபுகள், இருவகையில் அளந்தன. தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபும், மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளும் 48 மைல் என்று தொலைவைச் சொல்ல, ஹனஃபி மத்ஹப் மூன்று நாள் பயணம் என்று காலத்தைச் சொன்னது. நடையும் ஒட்டகமுமே துணையாயிருந்த காலத்தில் தொலைவைச் சொன்னாலே காலமும் களைப்பும் அதில் அடங்கிவிட்டன.

வானூர்தி இம்மூன்றையும் பிரித்துவிட்டது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான ஏறத்தாழ 5,550 கிலோமீட்டரை அது ஏழெட்டு மணி நேரத்தில் கடக்கிறது. 80 கிலோமீட்டரை ஒட்டிய பழைய எல்லையைத் தாண்ட அதற்கு ஆறு நிமிடமும் ஆவதில்லை. துன்பத்தைக் குறைக்கவே சலுகை வந்ததென்றால், இருக்கையில் சாய்ந்து உறங்கியபடி செல்பவருக்கு அது எதற்கு என்னும் கேள்வி எழுகிறது.

சட்ட அறிஞர்கள் இதற்கு இரு கருத்தாக்கங்களைக் கொண்டு விடை கண்டனர். ஒரு விதி எதன்மீது நிற்கிறதோ அது இல்லத். அவ்விதியால் விளையும் நன்மை ஹிக்மத். சலுகையின் இல்லத் பயணம். சிரமம் நீங்குவது அதன் ஹிக்மத். சிரமம் ஆளுக்கு ஆள் மாறுவதாலும், அதை அளக்கப் பொதுவான கோல் இல்லாததாலும் விதி பயணத்தின்மீதே நிற்கிறது; எனவே பல்லக்கில் செல்லும் அரசருக்குக் கிடைக்கும் சலுகை சொந்த ஊரில் மூட்டை சுமப்பவருக்குக் கிடைப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவி, கடல்வழியில் அத்தனை மைல்களையும் ஒரு நாழிகைப் பொழுதில் கடந்தாலும் கஸ்ர் செய்யலாம் என்று எழுதியதால், விரைவைப் பற்றிய ஐயம் வானூர்திக்கு முன்பே தீர்க்கப்பட்டிருந்தது எனலாம். சட்ட அறிஞர் இப்னு தைமிய்யாவோ மைல் கணக்கையே ஏற்காமல், மக்கள் வழக்கில் பயணம் எனப்படுவதே பயணம் என்றார்.

தொழுகை நேரங்கள் கடிகாரத்தைப் பாராமல் கதிரவனையே பார்ப்பதால், சிக்கல் இன்னொரு பக்கமும் நீள்கிறது. மேற்கே பறப்பவருக்குப் பகல் நீள்கிறது. கீழே தரையில் இருள் சூழ்ந்திருந்தாலும், சாளரத்தில் கதிரவன் தெரியும்வரை அவர் நோன்பு திறக்கலாகாது என்பர். 1976 முதல் 2003 வரை பயணிகள் சேவையில் பறந்த கான்கார்ட் வானூர்தி பூமியின் சுழற்சியை மிஞ்சியதால், லண்டனில் மறைந்த கதிரவன் அதில் சென்றவர்களுக்கு மேற்கே மீண்டும் எழுந்ததுண்டு. தரையில் கதிரவன் மறைந்தபின் நோன்பு திறந்துவிட்டு ஏறியவருக்கு அன்றைய நோன்பு நிறைவெய்திவிட்டது என்பதே பல அறிஞர்களின் தீர்ப்பு.

இரு விடைகளிலும் சட்டம் நம்புவது எவரும் புறத்தே கண்டறியக்கூடிய அடையாளங்களையே. களைப்பில்லாதவரும் சலுகை பெறுவது இதன் குறையெனினும், தம் களைப்பு போதுமானதா என்று வழிபடுபவர் தம்மையே விசாரிக்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. பயணம் துன்பம் தராதபோது நோற்பதே சிறந்தது என்று ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் கூறுவதை நோக்கினால், சிரமம் அடியோடு புறக்கணிக்கப்படவில்லை என்பது விளங்கும்: அனுமதியைத் தொலைவு வழங்குகிறது, அதைப் பயன்படுத்துவது தக்கதா என்பதைப் பயணியின் நிலை முடிவுசெய்கிறது.