நிலைப்பு என்னும் கூற்று: தகடூர்ச் சமணமும் செயலியின் வேக எல்லையும்

மேசைக் கணினியின் செயலியை, அதைச் செய்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர். நொடிக்கு 500 கோடி துடிப்புகளில், அதாவது 5 கிகாஹெர்ட்ஸில், இயங்கும் செயலியில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது 200 பிகோநொடி மட்டுமே. வேகத்தைக் கூட்டக்கூட இந்த இடைவெளி சுருங்குவதால், சமிக்ஞைகள் உரிய நேரத்தில் சென்று சேர மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜை, உயர்த்த வேண்டியிருக்கிறது. செயலி உண்ணும் மின்திறனோ வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் வளர்வதால், இரண்டையும் பத்துப் பத்து விழுக்காடு கூட்டினால் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடுகிறது. இவ்வாறு ஓடும் கணினி திடீரென உறைந்து நிற்கும்போதோ, நீலத்திரை காட்டித் தானே ரீஸ்டார்ட் ஆகும்போதோ, "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்பதே உரியவரின் முதற்சொல். அது பொய்யன்று, ஆனால் எவ்வகையான உண்மை என்பது, பொறியியல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே சமயத் தருக்கம் ஆராய்ந்த வினா.

அவ்வினாவை மிக நுட்பமாக அணுகியது சமணம். சமணம் தருமபுரிக்கு அயலானதும் அன்று. தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இவ்வூரில் கிடைத்த, சக ஆண்டு 815-க்கு, அதாவது கி.பி. 893-க்கு உரிய நுளம்ப அரசர் கல்வெட்டு, மகேந்திர நுளம்பன் காலத்தில் நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் இங்கே சமணப் பள்ளி எழுப்பியதைப் பதிவுசெய்கிறது. அச்சமயத்தின் தத்துவ அடித்தளம் அநேகாந்தம்: ஒரு பொருளுக்குப் பண்புகள் எண்ணிறந்தவை, ஆகவே அதைப் பற்றிய எக்கூற்றும் ஒரு நோக்கிலிருந்து மட்டுமே மெய் என்னும் கொள்கை. அந்நோக்கைச் சொல்லாமல் கூற்றை வெளியிடலாகாது என்னும் தருக்கநெறியே சியாத்வாதம். நோக்கை வரையறுப்பவை நான்கு: திரவியம் எனப்படும் பொருள், க்ஷேத்திரம் எனப்படும் இடம், காலம், பாவம் எனப்படும் நிலை.

இந்நான்கையும் வைத்துக்கொண்டு பழுதுற்ற கணினியின் முன் அமர்வோருக்கு வழி வெகுவாகத் தெளிகிறது. பொருளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை: ஒரே பெயரில் விற்கப்படும் இரு செயலிகளின் சிலிக்கன் ஒன்றுபோல் அமைவதில்லை, ஒருவர் எட்டிய வேகம் இன்னொருவருக்குச் சான்றாகாது. இடமும் காலமும் பின்னிக் கிடப்பவை. செயலியின் வெப்பம் அறைவெப்பத்தின் மேல் ஏறி நிற்பதாகையால், மார்கழிக் காலையில் 20 டிகிரி இருந்த தருமபுரி வீட்டு அறை சித்திரைப் பிற்பகலில் 36 டிகிரியாகும்போது, அதே வேலைக்கு முன்பு 80 டிகிரி காட்டிய செயலி ஏறத்தாழ 96 டிகிரியைத் தொடுகிறது. பல செயலிகளின் உச்சவரம்பு 100 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அங்கே எஞ்சுவது சிறு இடைவெளிதான். நிலை என்பதே இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது. கடும் கணக்கீடு தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பாய்ந்தேறி, வோல்டேஜ் மிகக் குறுகிய நேரம் சரிகிறது. அச்சரிவில் ஒரு சமிக்ஞை பிந்தினாலும் கணக்கு பிழைபடும். இதற்கு மாறாக, பளு குறைந்ததும் செயலி தன் வேகத்தையும் வோல்டேஜையும் தானே தாழ்த்திக்கொள்ளும்போது, கணினியின் அடிப்படை அமைப்பு நிரலான பயாஸில் அளவுக்கு மீறிக் குறைத்து வைத்த வோல்டேஜ் போதாமல் போய், இரவெல்லாம் சோதனையைத் தாங்கிய கணினி ஒரு கடிதம் தட்டச்சு செய்கையில் விழுந்துவிடும்.

சியாத்வாதம் ஏழு வகைக் கூற்றுகளை ஏற்கிறது. உண்டு, இல்லை என்பவற்றோடு, சொல்லுக்கு அடங்காதது என்னும் அவக்தவியமும் அவற்றுள் ஒன்று. செயலிக்குள்ளும் துடிப்பு விழும் நேரத்தில் சமிக்ஞை மாறிக்கொண்டிருந்தால், நினைவுச் சுற்று சிறிது நேரம் ஒன்றும் ஆகாமல் சுழியும் ஆகாமல் இடைநிலையில் நிற்கக்கூடும். அவக்தவியமும் இந்த இடைநிலையும் ஒன்றே எனச் சமன்படுத்துவது மிகை. எனினும் உண்டு-இல்லை என்ற இரண்டினுள் உலகை அடக்கிவிட முடியாது என்ற எச்சரிக்கை, அந்த இரண்டின் மேலேயே கட்டப்பட்ட கருவிக்கும் பொருந்துவது எண்ணத்தக்கது.

ஒரு நோக்கை முழு உண்மையாகக் கொள்வதன் விளைவுக்கு, இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றுக்கு நேர்ந்தது தக்க சான்று. விளையாட்டுகள் பாதியில் நின்று, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்னும் செய்தியைக் காட்டின. செய்தி கிராஃபிக்ஸ் கார்டைச் சுட்டியது, குறையோ செயலியில் இருந்தது. செயலியின் உள்கட்டளை நிரல் தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜைக் கேட்டதை அந்நிறுவனம் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் திருத்தம் வெளியிட்டது. ஓவர்கிளாக் செய்யப்படாத செயலிகளும் இதில் அடங்கும்; தேய்ந்துவிட்ட செயலிகளைத் திருத்தம் மீட்கவில்லை. வாங்கிய நாளில் மெய்யாயிருந்த நிலைப்பு, காலம் என்னும் நோக்கில் பொய்த்துவிட்டது.

இக்கொள்கைக்குப் பழைய தடை ஒன்று உண்டு. ஒரே பொருளில் உண்மையும் இன்மையும் ஒருங்கே பொருந்துவது எவ்வாறு எனப் பிரம்மசூத்திர உரையில் சங்கரர் வினவினார். தடை வலியதே, ஆனால் நோக்கு குறிக்கப்பட்டபின் கூற்று ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது என்பதே சமணர் விடை, பழுது நீக்குவோரின் நடைமுறையும் அவ்விடையின் பக்கமே நிற்கிறது. பயாஸைத் தொடக்க அமைப்புக்குத் திருப்பியபின்னும் கணினி விழுந்தால், கூட்டிய வேகம் மட்டும் காரணம் என்பது நீங்குகிறது. ரேமுக்குத் தரப்படும் எக்ஸ்எம்பி அமைப்பும் ஒருவகை ஓவர்கிளாக்கிங் ஆதலால், அதை நிறுத்திவைத்து, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல் கொண்டு ரேமைத் தனியே சோதிக்க வேண்டும். பின்பு வேகம், வோல்டேஜ், ஃபேன் ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றுவோர் எந்த நோக்கிலிருந்து பேசுகின்றனர் என்பது அவர்களுக்கே தெரியாது.

எல்லா நோக்குகளையும் ஒருங்கே காண்பது முற்றறிவாகிய கேவலஞானம் எய்தியவர்க்கே உரியது என்பது சமணக் கோட்பாடு. நம் சோதனைகளோ ஒரு நோக்குக்கே உரியவை: பிரைம்95 என்னும் பளுச்சோதனை நிரல் ஓர் இரவு பிழையின்றி ஓடியது அந்தப் பளுவுக்கும் அந்த இரவின் வெப்பத்துக்கும் மட்டுமே சான்று. ஆகையால் மார்கழியில் அமைத்த கணினியைச் சித்திரைப் பிற்பகலில், கேபினட்டை மூடி, கடும் பளுவிலும் ஓய்விலும் மறுபடி சோதிப்பதும், அதன்பின்னும் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைப்பதும், சோதிக்க இயலாத நோக்குகளுக்கு இடம் விடுவதாகும்.