பிழையின் பங்காளிகள்

குழந்தைக்குக் காயம் பட்டால் வீட்டில் எழ வேண்டிய முதற் கேள்வி, "குழந்தைக்கு எப்படி இருக்கிறது?" என்பதே. ஆயினும் பல இல்லங்களில் அதையும் முந்திக்கொண்டு வருவது, "யார் பார்த்துக்கொண்டிருந்தது?" என்னும் கேள்வி. ஒருநாள் என் வாயிலிருந்தும் அது புறப்பட்டது.

மெர்சிங்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட ஒரு நவம்பர்க் காலை. தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் கடலின் சீற்றத்திற்கு அஞ்சி ஒடுங்கும் பருவம் அது. வீட்டில் துவைத்த துணி எதுவும் உலரவில்லை. மூத்தவனின் பள்ளிச் சீருடையை என் தாயார் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திக்கொண்டிருந்தார். நான் திருத்திய பயிற்சி ஏடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பின் முன் நின்றாள். இரண்டு வயது மகள் மேசைவிரிப்பின் நுனியைப் பற்றி இழுத்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த மைலோ குவளை அவள் தோளிலும் மார்பிலும் கவிழ்ந்தது.

"நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றேன் மனைவியிடம். பெரியவர் மூவர் இருந்த வீட்டில் என் கேள்வி ஒருத்தியை மட்டுமே நாடிச் சென்றது. அவள் மறுமொழி கூறவில்லை. பற்பசையோடு ஓடிவந்த என் தாயாரைத் தடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு விரைந்தாள். நனைந்த சட்டையைக் களைந்து, வெந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஓடுமாறு பிடித்து, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திக் குளிராமல் காத்தாள். முழுதாக 20 நிமிடம்! சிறு குழந்தையின் தோல் மெல்லியது. சூடு விரைவில் ஆழ இறங்கும். ஓடும் தண்ணீர் அச்சூட்டை வெளியேற்றும். பற்பசையும் எண்ணெயும் புண்ணை மறைத்துக் கெடுக்கும். பனிக்கட்டியோ தோலை மேலும் வருத்தும். சுட்டு மூன்று மணி நேரத்திற்குள் தண்ணீர் ஊற்றினாலும் பயனுண்டு என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். குற்றவாளிக் கூண்டில் நான் நிறுத்தியவள்தான் அவ்வீட்டில் செய்யத்தக்கதை அறிந்திருந்தாள்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழியில்தான் எனக்கு நினைவு வந்தது: அந்தக் குவளையை மேசையின் ஓரத்தில் வைத்தவன் நான்.

நாள்தோறும் அங்கேதான் வைத்தேன். நூறு காலைகளில் ஒன்றும் நேரவில்லை. ஆதலால் நூறு நாளும் நான் நல்ல தந்தை. நூற்றோராம் நாள் குவளை சாய்ந்தது. என் செயல் மாறவில்லை. விளைவு மட்டுமே மாறியது. அவ்வாறாயின் என் குற்றம் எப்போது பிறந்தது? 1976ஆம் ஆண்டில் பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் எழுப்பிய வினா ஏறத்தாழ இதுவே. குழந்தையைத் தொட்டியில் விட்டுத் தண்ணீரையும் திறந்துவிட்டு மறந்த பெற்றோர் ஒருவரை நேகல் எடுத்துக்காட்டுவார். குழந்தை பிழைத்தால் அது வெறும் கவனக்குறைவு, மூழ்கியிருந்தால் பெருங்கொடுமை. மாடிப்படியில் ஓடுகின்றவருக்கோ தாம் எத்தகையவர் என்பது இன்னும் தெரியாது. ஊழைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பேசிவரும் தமிழருக்கு இவ்வினா புதிதன்று. ஆனால் ஊழின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கைகழுவுவதும் எனக்கு உடன்பாடில்லை. குவளையை ஓரத்தில் வைத்தது ஊழன்று.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் ஒரு தாய் வருகிறாள். பிள்ளையைக் காத்த கீரியை, அதுவே பிள்ளையைக் கொன்றதென்று தவறாகக் கருதிக் கொன்றுவிடுகிறாள் என உரைகாரர் அக்கதையை விரிப்பர். கணவன் அவளை விட்டு வடதிசை செல்கிறான். போகும்போது கையில் ஓர் ஏட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவளோ அதை ஏந்தி வணிகர் தெருக்களில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, உற்ற துயர் யாதெனக் கேட்கிறான். அவள் பாவம் நீங்கத் தானம் செய்து, கணவனையும் தேடிக் கொணர்ந்து, வாழப் பொருளும் தருகிறான். மாதவி வீட்டையும் புகாரையும் வைத்தே கோவலனை எடைபோடும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். வகுப்பறையில் நானும் அப்படித்தான் கடந்தேன். அன்றிரவு மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, நான் கோவலனாக அல்ல, ஏட்டைக் கொடுத்துவிட்டு நடந்த கணவனாகவே இருந்தேன் என்பது உறைத்தது.

2008இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,30,000 சிறார் விபத்துகளில் இறப்பதாகவும், அவற்றுள் பலவற்றைத் தடுக்க இயலும் எனவும் கூறியது. தடுக்கும் வழிகள் பெரும்பாலும் எளியவை. எங்கள் வீட்டிலும் மறுவாரமே மேசைவிரிப்பு போயிற்று. கொதிப்பவை சுவரோரம் ஒதுங்கின. காலை வேலைகளைப் பங்கிட்டபோது, குழந்தையைப் பார்ப்பதும் ஒரு வேலையாகக் கணக்கில் ஏறியது. அதுவரை அது எவர் கணக்கிலும் இல்லை; ஆதலால் மனைவியின் கணக்கில் இருந்தது.

புண் ஆறிவிட்டது. தோளில் வெளிறிய தழும்பு மட்டும் இருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் வயதில் ஒருநாள் மகள் அதைத் தடவியவாறு, "அப்பா, இது எப்படி வந்தது?" என்றாள்.

"நான் குவளையை ஓரத்தில் வைத்துவிட்டேன்" என்றேன்.

"நான் திரும்பிப் பார்க்கவில்லை" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

"நான்தானே பக்கத்தில் இருந்தேன்" என்றார் என் தாயார்.

மகள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.