அறிந்தோம் என்பதன் பொறுப்பு

மொழியைக் கருத்துக்களை ஏற்றிச் செல்லும் வெறும் வண்டியாகக் கொள்வோர் நம்மிடையே இன்றும் உளர். இலக்கணம் பரீட்சைக்கு உரியது. அறம் வாழ்க்கைக்கு உரியது. இரண்டுக்கும் உறவில்லை என்பது அவர்தம் எண்ணம். உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்தபோது எழுந்த ஒரு சிறு விவாதம், இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை எனக்கு உணர்த்திற்று.

பயிற்சிக்கென நான் எடுத்துக்கொண்டது, 2003 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் காங்கிரசின் முன் ஆற்றிய உரையில் வந்த ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் அது 16 சொற்களே கொண்டது. சதாம் ஹுசைன் அண்மையில் ஆபிரிக்காவிலிருந்து பெருமளவு யுரேனியத்தைப் பெற முயன்றார் என்பதைப் பிரித்தானிய அரசாங்கம் அறிந்துகொண்டுள்ளது என்பது அதன் பொருள். மாணவர் ஒருவர் இறுதிச் சொல்லை 'அறிந்துகொண்டுள்ளது' என்று எழுதினார். மற்றொருவர் 'கூறுகிறது' என்று எழுதினார். "இரண்டும் ஒன்றுதானே, சேர்?" என்று பின்னவர் கேட்டார். ஒன்றல்ல. அவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துள் மற்றொரு வாக்கியம் சார்பாக அடங்கி நிற்கும்போது, அதனைத் தலைமை வினையோடு இணைப்பது பெரும்பாலும் 'தற்' என்னும் சிறு சொல். 'பாலம் இடிந்தது' என்பதைச் சார்பு வாக்கியமாக்கி, 'அவன் நம்புகிறான்' என்பதோடும் இணைக்கலாம். 'அவன் அறிவான்' என்பதோடும் இணைக்கலாம். வடிவில் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். பாலம் இடிந்ததென அவன் நம்பவில்லை என்றால், பாலம் இடிந்திருக்கலாம், இடியாமலும் இருக்கலாம். பாலம் இடிந்ததை அவன் அறியான் என்றாலோ, அவன் அறியாவிட்டாலும் பாலம் இடிந்தது இடிந்ததுதான். வினாவாக்கினாலும் இதுவே முடிவு. அறிதல், உணர்தல், கண்டறிதல் முதலியவற்றைக் குறிக்கும் வினைகள் தம் சார்பு வாக்கியத்தை உண்மையென முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. 1970இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் பால் கிப்பார்ஸ்கி, கரோல் கிப்பார்ஸ்கி என்னும் மொழியியலாளர் இருவர், இவ்வாறு உண்மையை முற்கோளாகக் கொள்ளும் வினைகளை ஏனைய வினைகளினின்றும் வேறுபடுத்தி ஆராய்ந்தனர்.

தமிழில் நிலைமை சற்று வேறு. 'பாலம் இடிந்தது என்று' என நாம் சொல்லும்போது, 'என்று' என்பது பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும் தன்மையை இன்னும் தாங்கி நிற்கிறது. 'பாலம் இடிந்ததை' என்று தொழிலைப் பெயராக்கும்போதோ, இடிந்தமை நடந்த செய்தியாகிவிடுகிறது. ஆகவே உண்மைப் பொறுப்பில் ஒரு பங்கை நம் மொழியில் சார்பு வாக்கியத்தின் வடிவமே ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தின் 'தற்' இரு பக்கத்துக்கும் பொது. அங்கே அந்தச் சுமை முழுவதையும் வினையே தாங்கவேண்டியிருக்கிறது.

இந்தப் பொறுப்பு யாருடையது? 'அவன் அறிவான்' என்னும் வாக்கியத்தில் அறிபவன் அவன். ஆனால் அறியப்பட்டது உண்மை என்பதற்குப் பிணை நிற்பவர், அந்த வாக்கியத்தைச் சொல்பவர். இதற்கு ஆங்கில வழக்கிலேயே சான்று உண்டு. அவன் நேர்மையானவன் என்பதை அவள் அறியாள் எனின், அவனுடைய நேர்மை உறுதியாகிறது. அதே வாக்கியத்தை ஒருவர் தன்மை ஒருமையில் தம்மைப் பற்றிச் சொன்னால், நேர்மையைப் பற்றிய ஐயமே வெளிப்படுகிறது. தாம் அறியாத ஒன்றுக்குத் தாமே பிணை நிற்றல் இயலாதன்றோ? பிணை எப்போதும் பேசுபவருடையது என்பது இதனாற் பெறப்படும்.

இனி அந்த 16 சொற்களுக்கு வருவோம். அதே யுரேனியக் குற்றச்சாட்டு, 2002 அக்டோபரில் ஜனாதிபதி ஆற்றவிருந்த மற்றொரு உரையின் வரைவிலும் இடம்பெற்றிருந்தது. அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்தின் வற்புறுத்தலால் நீக்கப்பட்டது. மூன்று மாதங்களின் பின், பிரித்தானிய அரசாங்கத்தை எழுவாயாகக் கொண்டு அது மீண்டும் தோன்றியது. ஈராக்குக்கு நைஜரிலிருந்து யுரேனியம் விற்கப்படுவதைக் காட்டுவதாகக் கூறப்பட்ட ஆவணங்கள் மெய்யானவை அல்ல என்று, 2003 மார்ச் 7ஆம் திகதி சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் தலைவர் பாதுகாப்புச் சபையில் அறிவித்தார். அடுத்த இரு வாரங்களுக்குள் போர் தொடங்கியது. ஜூலை 11ஆம் திகதி, அந்தச் சொற்கள் உரையில் இடம்பெற்றிருக்கக்கூடாது என்று புலனாய்வு நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார்.

அப்போது வெள்ளை மாளிகையின் சார்பில் கூறப்பட்ட சமாதானம் நம் கவனத்துக்கு உரியது. ஜனாதிபதியின் கூற்று சரியானதே. பிரித்தானிய அரசாங்கம் அவ்வாறு சொன்னது உண்மைதான் என்றார் பாதுகாப்பு ஆலோசகர் கொண்டலீசா ரைஸ். நம் மாணவர் கேட்ட கேள்வியே இங்கு விடையாகி நிற்கிறது! உரையில் வந்த வினை 'அறிந்துகொண்டது'. சமாதானத்தில் வந்த வினை 'சொன்னது'. கேட்போரை நம்பவைக்கவேண்டிய வேளையில் அறிதலின் பிணை பயன்பட்டது. கணக்குக் கேட்கப்பட்ட வேளையில் அது வெறும் செய்தி கூறலாகச் சுருங்கியது.

நீதியின் பொருட்டு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தக் குற்றச்சாட்டுக்கு வேறு தகவல்களும் அடிப்படையாக இருந்தன என்றும், அது தக்க ஆதாரம் உடையதே என்றும் 2004இல் பிரித்தானியாவின் பட்லர் விசாரணைக் குழு கருதியது. ஆனால் 1991இன் பின் ஈராக் வெளிநாட்டிலிருந்து யுரேனியம் பெற முயன்றதற்குச் சான்று காணவில்லை என்று, ஈராக்கிலேயே தேடுதல் நடத்திய ஆய்வுக் குழு அதே ஆண்டில் அறிக்கையிட்டது. தக்க ஆதாரம் இருந்தது என்றே கொள்வோம். ஆதாரத்தோடு நம்புவதற்குரிய வினையும் ஆங்கிலத்தில் இருக்கிறதே! 'நம்புகிறது', 'கருதுகிறது' என்றால் கேட்பவர் "ஏன் நம்புகிறீர்கள்?" என்று வினவுவார். 'அறிந்துகொண்டது' என்றதும் அந்த வினாவுக்கு இடமில்லாமற் போகிறது. விவாதத்துக்கு உரியதாக இருக்கவேண்டியது, விவாதம் முடிந்ததாகக் காட்டப்படுகிறது. பல்லாயிரம் உயிர்களைக் குடித்த ஒரு போரை இந்த ஒரு வினையே மூட்டிற்று என்று நான் சொல்லவில்லை. மக்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளுள் ஒன்றை அது மூடிற்று என்கிறேன்.

அவ்வாறாயின் 'அறிவோம்' என்ற சொல்லையே கைவிட்டு, யாவற்றையும் நம்பிக்கையென்று சொல்லிவிடுதல் அடக்கமான செயலாகாதா? ஆகாது. 1994 ஏப்ரல் 14ஆம் திகதி, ஏழு அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகளின் தலைவர்கள் காங்கிரஸ் உபகுழு ஒன்றின் முன் சத்தியம் செய்து சாட்சியம் அளித்தனர். நிக்கொற்றின் அடிமைப்படுத்துவதன்று என்று தாம் நம்புவதாக அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கூறினர். அது அடிமைப்படுத்துவதே என்பதை அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1988இலேயே நிறுவியிருந்தது. அக்கம்பனிகளுள் ஒன்றான பிரவுண் அன்ட் வில்லியம்சனின் உள் ஆவணம் ஒன்று, 1963ஆம் ஆண்டிலேயே அதனை ஒளிவின்றி எழுதி வைத்திருந்தது. ஆயினும் 'நம்புகிறேன்' என்ற வினை தன் சார்பு வாக்கியத்துக்குப் பிணை நிற்பதில்லை. அந்தக் கூற்றைப் பொய்யென்று நிறுவ விரும்புபவர் நிக்கொற்றினை ஆராய்ந்தாற் போதாது. சொன்னவரின் உள்ளத்தைத் திறந்து காட்டவேண்டும்.

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் அறியாததை அறிந்ததாகச் சொன்னார்கள். மற்றோரிடத்தில் அறியப்பட்டதை நம்பிக்கைக்குரிய விடயமாக்கினார்கள். முன்னது உண்மையைக் கடனாகப் பெற்ற மோசடி. பின்னது உண்மைக்குப் பட்ட கடனை மறுத்த மோசடி. வல்லமை படைத்தோர் இரு வினைகளையும் தமக்கு வசதியான பக்கத்தில் வைத்துக்கொள்கின்றனர்.

இவ்வழக்கம் பெரிய மேடைகளோடு நின்றுவிடுவதன்று. வேலைநிறுத்தச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது வினைகளை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். நிர்வாகம் 'சுட்டிக்காட்டுகிறது', 'விளக்குகிறது', 'வெளிப்படுத்துகிறது'. தொழிலாளி 'முறையிடுகிறான்', 'குற்றஞ்சாட்டுகிறான்', 'உரிமை கோருகிறான்'. சுட்டிக்காட்டுவதற்கு ஒரு பொருள் ஏற்கெனவே அங்கு இருக்கவேண்டும். குற்றஞ்சாட்டுவதற்கு வாய் இருந்தாற் போதும். இருவர் கூற்றையும் ஆராயாமலே, எவர் கூற்று உண்மை என்னும் தீர்ப்பை வினை வழங்கிவிடுகிறது. எழுதியவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யலாம். பொய் சொல்லாமலே அநீதி செய்யலாம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

அறிவு என்பது உண்மையான எண்ணத்தோடு அதற்குரிய காரணமும் சேர்ந்ததா என்று பிளேற்றோ தம் உரையாடல் ஒன்றில் ஆராய்ந்தார். முடிவு காணாமலே அதனை நிறுத்தினார். அம்முடிவை நம் வகுப்பறையிற் காணவேண்டும் என்பதில்லை. எனினும் அன்றாட வாழ்க்கைக்குப் போதிய விதியொன்று உண்டு. 'அறிவோம்' என்று சொல்லுமுன், எவ்வாறு அறிந்தோம் என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருத்தல் வேண்டும். விடை நம் கையில் இருக்கும்போது, அச்சத்தினாலோ ஆதாயத்தினாலோ 'நம்புகிறோம்' என்று பின்வாங்குதலும் ஆகாது. முற்போக்குச் சிந்தனை உடையோருக்கு இரண்டாவது கடமை எளிதாகத் தோன்றும். முதலாவது நம் பக்கத்துச் செய்திகளுக்கும் உரியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பயிற்சியின் முடிவில், 'கூறுகிறது' என்று எழுதிய மாணவர் தம் சொல்லை அழித்துவிட்டு 'அறிந்துகொண்டுள்ளது' என்று திருத்தினார். மொழிபெயர்ப்பு அதுவே, மூலத்தின் குற்றத்தை மறைத்துத் தருவது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. பின்னர் அவர் அந்த வரியின் ஓரத்தில் 'யார் பிணை?' என்று சிறிதாக எழுதினார். அறிதலைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அவ்விரு சொற்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் நம் மாணவரிடையே வளருமாயின், இலக்கணம் கற்பித்ததன் பயனை நாம் அடைந்தவராவோம்.