வேலைக்கு அனுப்புவீங்களா?

என்னைப் பெண்பார்க்க வந்த அன்று அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ண வேலைக்கு அனுப்புவீங்கல்ல?" என் வருங்கால மாமியார் சிரித்தபடி, "அதுக்கென்ன சம்பந்தி, அனுப்பிட்டா போச்சு" என்றார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

அப்போது சென்னையில் ஒரு மென்பொருள் சோதனைக் குழுவுக்கு நான் பொறுப்பாளர். எனக்குக் கீழே ஒன்பது பேர். ஆறு ஆண்டுகளாகக் காலை ஏழரை மணிக்கு நானாகத்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தப் பேச்சில் நான் வேலைக்குப் போகிறவள் அல்ல, அனுப்பப்படுகிறவள். அந்த வினைச்சொல்லில் இருந்த அவமானம் எனக்கு உறைக்கப் பல ஆண்டுகளும் ஓர் அயல்நாட்டுப் படிவமும் தேவைப்பட்டன.

2011இல் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தேன். என் இணையருக்கு எச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்தவள் என்ற முறையில் எச்-4. இந்த விசாவில் படிக்கலாம், வண்டி ஓட்டலாம், பிள்ளை பெறலாம், கோயில் விழாவில் இருநூறு பேருக்குச் சமைக்கலாம். சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. வேலை செய்யும் உரிமை இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது. வங்கியில் என்னிடம் அந்த எண்ணைக் கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்த இணையரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தத் திரும்பிப் பார்த்தல் நான்கு ஆண்டுகள் நீடித்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்திப் பெண் இருந்தார். வேலைக்குப் போகிறவர். தன் ஒன்றரை வயது மகனைப் பகலில் பார்த்துக்கொண்டால் மாதம் 600 டாலர் தருவதாகச் சொன்னார். என் மகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. குழந்தையை வைத்துக்கொண்டேன், பணத்தை மறுத்துவிட்டேன். தீபாவளிக்கு அவர் தந்த புடவையைக்கூட அது கூலிக் கணக்கில் வருமோ என்று பயந்துகொண்டேதான் வாங்கினேன். ஒரே மடியில் இரண்டு குழந்தைகள். என் குழந்தைக்குச் சோறூட்டினால் கடமை. அவர் குழந்தைக்குச் சும்மா ஊட்டினால் உதவி. அதே சோற்றைக் காசு வாங்கிக்கொண்டு ஊட்டினால் சட்டமீறல். வேலை மாறவில்லை, கை மாறவில்லை. பெண்ணின் உழைப்பை யாரும் தடுக்கவில்லை என்பதை அப்போது கண்டுகொண்டேன். அதற்கு விலை கேட்கும்போதுதான் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள்.

இங்கே என்மீதே எனக்கொரு குற்றச்சாட்டு உண்டு. எங்கள் குடியிருப்பில் இன்னொரு தமிழ்ப்பெண் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக் காசு வாங்கினார். "விசாவ வச்சுக்கிட்டு இப்படிச் செய்யறது தப்பில்லையா?" என்று நான் நாலு பேரிடம் பேசினேன். அது அவர் காதுக்கும் போயிற்று. ஒருநாள் துணி துவைக்கும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "ஊர்ல அம்மாவுக்கு மருந்து வாங்கணும் அக்கா. மாசாமாசம் அவர்கிட்ட கைநீட்ட முடியல." நான் சட்டத்தை மதித்துப் பணத்தை மறுத்தேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் இணையரின் கிரீன் கார்டுக்குப் பங்கம் வந்துவிடுமே என்ற பயம்தான் மறுத்தது. அந்தப் பயத்தை ஒழுக்கமென்று நம்பி, அதை வைத்து இன்னொருத்தியை அளந்தேன்.

2015 மே 26 அன்று புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கணவரின் ஐ-140 என்னும் குடியேற்ற மனு ஏற்கப்பட்டிருந்தால், எச்-4இல் இருப்பவர் நாட்டுக்குள் இருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-765 படிவம், 380 டாலர் கட்டணம், இரண்டு அங்குலச் சதுரத்தில் இரண்டு புகைப்படங்கள். கூடவே திருமணச் சான்றிதழ், கணவரின் விசா ஒப்புதல் கடிதம், கணவரின் ஐ-140 ஒப்புதல். என் பொறியியல் பட்டத்தையோ ஆறாண்டு அனுபவத்தையோ அந்தப் படிவம் கேட்கவேயில்லை. நான் யாரென்பதற்கு அல்ல, யாருடையவள் என்பதற்கே அத்தனை சான்றும்.

அந்த விதிக்கு அரசு சொன்ன காரணத்தைப் படித்தபோது இன்னும் தெளிந்தது. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் திறன்மிக்க எச்-1பி ஊழியர்கள் குடும்பக் கஷ்டத்தால் நாட்டைவிட்டுப் போய்விடாமல் தக்கவைப்பதுதான் நோக்கம். ஆண்டுக்குச் சுமார் 1,40,000 வேலைவழிக் கிரீன் கார்டுகள், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீத உச்சவரம்பு என்ற கணக்கில் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. மனைவி வேலைக்குப் போனால் கணவன் பொறுமையாகக் காத்திருப்பான். எனக்குக் கிடைத்த உரிமைகூட என் பொருட்டு வந்ததல்ல. 2017 டிசம்பர் வரை முதன்முறையாக இந்த அட்டை பெற்ற ஏறக்குறைய 91,000 பேரில் 93 சதவீதம் பெண்கள்.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்கா 1907இல் இயற்றிய சட்டம் ஒன்று, அயல்நாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்றது. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த எத்தல் மெக்கன்சி அந்த மண்ணில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காரரை மணந்ததால் அவருக்கு வாக்காளராகப் பதிவுசெய்யும் உரிமை மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1915இல் அதைச் சரியென்றது: சட்டம் தெரிந்துதானே மணந்துகொண்டாள் என்பது வாதம். 1922இல் சட்டம் திருந்தியது, ஆனால் ஆசியரை மணந்த பெண்களுக்கு அதிலும் இடமில்லை. அவர்கள் 1931 வரை காத்திருந்தார்கள். "தெரிந்துதானே வந்தாய்?" என்று எச்-4 பெண்களிடம் இன்று கேட்பவர்களுக்கு அந்தத் தீர்ப்புக்கு நூறு வயதாகிவிட்டது தெரியாது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. யார் தன் நாட்டில் வேலை செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லையா? இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளூர்த் தொழிலாளிக்கும் கவலைகள் உண்டு. என் கேள்வி வேறு. ஒரு பெண்ணை நாட்டுக்குள் வாழ அனுமதித்தபின், அவள் பிழைப்பை இன்னொருவரின் காகிதத்தோடு முடிச்சுப் போடலாமா? அவருக்கு வேலை போனால் என் அட்டையும் போகும். மணமுறிவு என்றாலும் போகும். அப்போது அந்த அட்டையின் அசல் அதிகாரி அரசு அல்ல, கணவர்.

"உன் வீட்டுக்காரர் தங்கமானவர், உனக்கென்ன குறை?" என்பார்கள். தங்கமானவர்தான். கேட்காமலேயே கடன் அட்டை வாங்கித் தந்தவர். ஆனால் ஒருவரின் நல்ல குணத்தை நம்பி நிற்பதற்குப் பெயர் அதிர்ஷ்டம், உரிமையல்ல. அந்த அதிர்ஷ்டம் வாய்க்காதவர்களுக்காக, கொடுமைக்குள்ளான சார்பு விசாப் பெண்கள் தாங்களே வேலை அனுமதி கேட்கலாம் என்று 2005ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. அதற்கான படிவம் வெளியானது 2017இல். நடுவில் போன ஆண்டுகளில் எத்தனை பெண்கள் எத்தனை சமையலறைகளில் வாய்மூடி நின்றார்கள்? 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் சொத்துரிமைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியதன் காரணம் எடிசனில்தான் எனக்குப் புரிந்தது.

அட்டை மூன்றரை மாதத்தில் வந்தது. வேலையும் கிடைத்தது. 2017 இறுதியில் விதியையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. 2021 ஜனவரியில்தான் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. இடையில் 2019 மார்ச்சில் புதிதாகக் கைரேகைப் பதிவைப் புகுத்தினார்கள், புதுப்பிப்புகள் தேங்கின. 2020இல் என் அட்டை காலாவதியாகி ஐந்து மாதம் வேலையிழந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லிக்கொள்வதற்கில்லை. எங்கள் அலுவலகக் கழிவறைகளை இரவில் கழுவிய பெண்களில் சிலருக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இருந்திருக்காது. பட்டப்படிப்பும் சாதி தந்த உறவுவலையும் கொண்டு கடல் தாண்டியவள் நான். என் காத்திருப்பு குளிரூட்டிய காத்திருப்பு.

போன வருடம் சித்தி மகளுக்கு அமெரிக்க வரன் வந்தது. போனில் கேட்டாள்: "அக்கா, அங்க போனா வேலைக்கு விடுவாங்களா?" விடுவாங்களா, அனுப்புவாங்களா. வினைச்சொல் தலைமுறை தாண்டியும் உடம்பு இளைக்கவில்லை. அவருக்கு ஐ-140 ஆகிவிட்டதா என்று கேள், உன் பெயரில் தனிக்கணக்கு வைத்துக்கொள், உன் சான்றிதழ்களின் மூலத்தை நீயே வைத்திரு என்று சொன்னேன். பிறகு ஒன்று சேர்த்தேன். "எனக்கு வேறொரு நாட்டுல நல்ல வேலை கிடைச்சா, என்னைச் சார்ந்தவரா, சம்பளம் இல்லாம, சில வருஷம் நீங்க வந்து இருப்பீங்களான்னு அவர்கிட்ட கேளு."

"கேட்டா தப்பா நினைக்க மாட்டாரா?" என்றாள்.

"நம்மகிட்ட கேட்காமலேயே முடிவு பண்றாங்களே, நாம தப்பா நினைச்சமா?"

கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் யோசித்துச் சொல்வதாக அவர் சொன்னாராம். சித்திக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். அந்தக் கேள்வியை ஓர் ஆண் இரண்டு நாள் உட்கார்ந்து யோசிக்கட்டும்.