நல்ல நாணயம் போகும் இடம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தந்து நிற்பது. அங்காடியில் கைமாறும் காசும் நாணயம். சொன்ன சொல்லில் வழுவாது நிற்கும் பண்பும் நாணயம். ஒருவரை ‘நாணயமான மனிதர்’ என்று நாம் போற்றும்போது, உரைகல்லில் உரைத்தாலும் மாற்றுக் குறையாத பொன்னாக அவரைக் கருதுகிறோம். ஆதலின், காசாகிய நாணயத்தைப் பற்றி அறிஞர் கண்ட ஓர் உண்மை பண்பாகிய நாணயத்திற்கும் பொருந்துமோ என்று எண்ணிப் பார்ப்பது பயனுடைய செயலாகும்.

அவ்வுண்மை இது: தரம் தாழ்ந்த நாணயம் தரமுள்ள நாணயத்தைப் புழக்கத்தினின்றும் வெளியேற்றிவிடும். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு நிதித்துறையில் ஆலோசனை கூறிய சர் தாமஸ் கிரெஷாம் (1519–1579) என்பவரின் பெயரால் இதனைக் ‘கிரெஷாம் விதி’ என்பர். அப்பெயரை 1858-ஆம் ஆண்டில் சூட்டியவர் ஹென்றி டன்னிங் மக்லியாட் என்னும் பொருளியல் அறிஞர். கருத்தோ மிகப் பழைமையானது. கதிரவனைப் பூமி சுற்றுகிறது என்று உரைத்த கோபர்னிக்கஸ், நாணயம் அச்சிடுதல் பற்றி 1526-இல் எழுதிய நூலிலும் இதனை எடுத்துக் காட்டியுள்ளார். அதற்கும் முன்னர், கி.மு. 405-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ், நல்ல பழங்காசை ஒதுக்கி மட்டமான புதுக்காசைக் கையாளும் நகர மக்கள் நல்லோரை ஒதுக்கி அற்பரைத் தலைவராக்குகின்றனர் என்று இடித்துரைத்தார். காசையும் குணத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவது நாம் புதிதாகப் புனைந்த உவமை அன்று என்பது இதனால் விளங்கும்.

இவ்விதி செயற்படும் முறை எளியது. ஒருவர் கையில் இரண்டு காசுகள் உள்ளன. இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே என்பது அரசாணை. ஆயினும் ஒன்றில் வெள்ளி மிகுதி; மற்றதில் குறைவு. கடைக்காரருக்கு அவர் எதனைக் கொடுப்பார்? குறைந்ததைக் கொடுத்து நிறைந்ததைத் தம்மிடம் நிறுத்திக் கொள்வார். ஊரார் அனைவரும் இவ்வாறே செய்யின், நல்ல காசு பெட்டிக்குள் புகும். அல்லது உருக்குமுகத்திற்குப் போகும். அல்லது கடல் கடக்கும். வெளியே உலவுவது மட்டக்காசு ஒன்றேயாம்.

இவ்விடத்து ஊன்றி நோக்கத்தக்க நிபந்தனை ஒன்று உண்டு. இரண்டும் சமம் என்னும் கட்டாயம் இருந்தால்தான் இவ்விதி பலிக்கும். அக்கட்டாயம் இல்லாத காலத்தில் நிகழ்ந்தது யாது என்பதற்கு நம் பகுதியே சான்று. நமக்குத் தெற்கே, சிதம்பரத்தை அடுத்து வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. அவ்வூரின் பெயரால் வழங்கிய பொன் வராகன் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னாட்டில் உலவிற்று. சென்னையில் கும்பினியார் வெளியிட்ட நட்சத்திர வராகனும் உடன் உலவிற்று. இரண்டிலும் ஒரு புறம் திருமாலின் உருவமே பொறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பரங்கிப்பேட்டை வராகனில் பொன்னின் மாற்றுக் குறைவு. இதனை வணிகர் நன்கு அறிவர். சராப்புக் கடையில் நாணயத்தை நிறுத்தும் உரைத்தும் பார்த்து, குறைவுக்கு ஏற்ப வட்டம் பிடித்துக் கொண்டு மாற்றினர். எனவே இரண்டும் தத்தம் விலையில் அருகருகே உலவின. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. பின்னர் 1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே அடிப்படை நாணயம் ஆயிற்று; ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கிடப்பட்டது.

மேலே பொறித்த திருவுருவம் உள்ளிருக்கும் பொன்னுக்குச் சான்றாகாது என்பதை அக்காலத்துச் சராப்பு அறிந்திருந்தார். எம்பெருமானின் திருவுருவத்தைக் கண்ணில் ஒற்றிக் கொள்வார். காசை உரைகல்லில் உரைத்தும் பார்ப்பார். இரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் ‘நற்காசு’ என்றும் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றும் தரம் சுட்டும் தொடர்கள் காணப்படுகின்றன. கோயிலுக்குத் தந்த பொன் எத்தகையது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தனர் முன்னோர்.

இனி, சமம் என்னும் கட்டாயம் நேர்ந்த காலத்தைக் காண்போம். விக்டோரியா அரசி தலை பொறித்த ரூபாய் ஒரு தோலா எடையுடையது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டில், ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒரு ரூபாய்த் தாளும் வந்தது. பழைய ரூபாயும் புதிய ரூபாயும் தாளும் கடையில் ஒரே மதிப்புடையன. விளைவு யாதாயிருக்கும் என்று கூறவும் வேண்டுமோ! மக்கள் வெள்ளியைப் பதுக்கினர். பதுக்குவதைத் தடுக்க அரசு ஆணை பிறப்பித்தது. விக்டோரியா ரூபாய் 1941 மார்ச்சு மாதத்தோடு செல்லாது என்றும் அறிவிக்கப்பட்டது. செம்பும் அரிதாகவே 1943-இல் ஓட்டைக் காலணா தோன்றிற்று. 1947-இல் வெளிவந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல்.

என் பாட்டியார் தம் மரப்பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் முடிந்து, அத்தகைய பழைய ரூபாய்கள் ஏழு வைத்திருந்தார். சிறுவனாகிய நான் ஒன்றை எடுத்துக் கொண்டு மிட்டாய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தம்பி, இது செல்லாக் காசு” என்று திருப்பித் தந்துவிட்டார். பாட்டியாரிடம் வந்து அழுதேன். அவர் நகைத்து, “கடையில்தான் செல்லாது; தட்டாரிடம் கொண்டு போனால் தெரியும்” என்றார். செல்லும் காசில் வெள்ளி இல்லை. வெள்ளி உள்ள காசு செல்லவில்லை. இப்புதிர் நெடுநாள் என் மனத்தை உறுத்திற்று. ஒரு நற்பண்பு உலகில் செல்லாமற் போயிற்று என்பதனால் அது மதிப்பற்றது ஆகிவிடாது என்னும் பொருள் பிற்காலத்தில்தான் எனக்குப் புலனாயிற்று.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. மட்டக்காசு நல்ல காசோடு போரிட்டு அதனை வெல்வதில்லை. அதற்கு அத்தகைய ஆற்றல் ஏது? நல்ல காசை உடையவரே அதனை எடுத்து ஒளித்து வைக்கிறார். “காலம் கெட்டுவிட்டது, உண்மைக்கு இடமில்லை, பொய்யர் நல்லோரைத் துரத்திவிட்டனர்” என்று நாம் புலம்புகிறோம். துரத்தியவர் யார் என்று ஆராயின், விடை நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கக் காணலாம். நம்மிடம் உண்மையான அன்பு உண்டு. ஊராருக்கு நாம் தருவது உபசார வார்த்தை. நம்மிடம் நேர்மையான கருத்து உண்டு. சபையில் நாம் சொல்லுவது பிறர் விரும்பும் கருத்து. நல்லதைச் சேமித்து அல்லதைச் செலவிடும் இவ்வழக்கத்தால், உலகில் உலவுவது அல்லது ஒன்றே ஆகிறது.

இங்கு ஒரு தடை எழும். “யாவரும் மட்டக்காசு கொடுக்கும்போது நான் மட்டும் வெள்ளியைக் கொடுத்தால் நட்டம் எனக்கன்றோ? சரியான நிறையும் கலப்பற்ற சரக்கும் தரும் வணிகர் கடையைப் பூட்ட வேண்டி வருமே?” என்பர். இது வீண் வாதம் அன்று. விடை கூறவேண்டிய வினாவே. நேர்மைக்கு விலை உண்டு என்பதை மறைத்துப் பேசுவது அறமாகாது.

இதற்கு விடையைச் சராப்புக் கடையிலேயே தேடலாம். தரம் அறிந்து வட்டம் கணக்கிட்டவர் இருந்தவரை நல்ல வராகன் ஒளியவில்லை. அதற்குரிய விலை அதற்குக் கிடைத்தது. கலப்பற்ற எண்ணெய்க்கு ஒருவர் சற்றுக் கூடுதல் விலை கேட்டால், நாம் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறோம். மெய் உரைக்கும் ஆசிரியரையும் முகத்துதி பாடுபவரையும் ஒரே தட்டில் நிறுக்கிறோம். இரண்டும் ஒன்றே என்று கூறும் அரசாணையை இங்கே பிறப்பித்தவர் நாமே. அவ்வாணையை நாமே நீக்கவும் கூடும். நல்லதைத் தருபவர் துணிய வேண்டும். பெறுபவர் தரம் அறிந்து, அதற்குரியதை மனமுவந்து கொடுக்க வேண்டும். ஒருவர் செய்து மற்றவர் செய்யாவிடின், துணிந்தவர் தனித்து நட்டப்படுவார். ஆதலின் பொறுப்பு இருபாலதும் ஆகும்.

நம் கருத்துக்கு இறுதிச் சோதனை திருக்கோயில் உண்டியல். தேய்ந்த காசும் கிழிந்த தாளும் அதனுள் விழுவதை உண்டியல் எண்ணும் அன்பர்கள் அறிவர். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. வங்கியில் மாற்றும் கெடு கடந்த பின்னரும் அத்தாள்கள் கோயில் உண்டியல்களில் விழுந்தன. கடையில் செல்லாததைக் கடவுளிடம் செலுத்தலாம் என்று எண்ணிய உள்ளத்தை என்னென்பது! ஏழை ஒருவர் தேய்ந்த காசு ஒன்றே உடையவராய் அதனைச் சேர்த்தால், அது மாற்றுக் குறையாத பொன். குசேலர் கொணர்ந்த அவல் அத்தகையது. நல்லதைப் பெட்டியில் வைத்துவிட்டு அல்லதைக் கொணர்வதே மட்டக்காசு. எம்பெருமான் கொடுத்ததை மட்டும் எண்ணுபவன் அல்லன். நிறுத்தி வைத்துக் கொண்டதையும் அறிபவன்.

பாட்டியாரின் ஏழு ரூபாயும் அவர் பெட்டியில் இறுதிவரை இருக்கவில்லை. கெடிலக் கரையில் உள்ள திருவயிந்திரபுரத்திற்கு அவர் இறுதியாகச் சென்ற நாளில், அம்மஞ்சள் முடிப்பையும் மடியில் கட்டிச் சென்றார். திரும்புகையில் மடி வெறுமையாயிருந்தது. “நல்லது நாலு என்றாலும் அவன் கையில் இருக்கட்டும்” என்றார். கடைக்குச் செல்லாக் காசாகவும் தமக்கு உயர்பொருளாகவும் இருந்ததை அவர் வெளியே எடுத்து வழங்கிவிட்டார்.

திருவிழாக் காணும் இந்நாளில் நாமும் நம் பெட்டியைத் திறந்து பார்ப்போமாக. ஒளித்து வைத்த நாணயத்தை வெளியே எடுத்து, வீட்டிலும் கடையிலும் சபையிலும் உலவ விடுவோமாக. அதற்கு எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.