மழையில் நிற்கத் தெரிந்த மகிழ்ச்சி

இன்பம் அனைத்தும் ஐயத்திற்குரியது என்றோர் எண்ணம் நம் பக்தி வாழ்வில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. யாருக்கும் தீங்கிழைக்காத சிறு களிப்பைக்கூட, ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வியின்முன் நிறுத்தித் தீர்ப்பிட்டு விடுகிறோம். இது நியாயமா என என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு நூல் அன்று. மழையில் கூரையின்றி ஓடிய ஒரு கார்.

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக நான்கு வாரங்கள் பணியாற்றினேன். ஆலயப் பணிகளில் உதவிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்.ஜி.பி. என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். அருகிலுள்ள ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாக உருவான வகை அது. முற்காலத்தில் பெனடிக்ட் சபைத் துறவியரின் பெருமடம் விளங்கிய ஊர் அது; 1538-இல் அம்மடம் கலைக்கப்பட்டது.

ஒரு மாலை, நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு அக்காரில் திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. நண்பர் துணிக்கூரையை இழுத்து மூடுவார் என எதிர்பார்த்தேன். அவரோ தொப்பியைச் சற்றே கீழிறக்கிக்கொண்டு, காலடியில் வெப்பக்காற்று வரும்படி விசையைத் திருப்பினார், அவ்வளவுதான். வியப்பு என்னவெனில், நாங்கள் நனையவே இல்லை. மணிக்கு 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், முன்கண்ணாடியில் மோதி மேலெழும் காற்று மழைத்துளிகளைத் தலைக்குமேலாகப் பின்னுக்குச் சுமந்து சென்றுவிடுகிறது.

நிலத்தையொட்டிய தாழ்ந்த இருக்கை. வேலிப் புதர்களின் ஈர மணம். பொறியின் ஆழ்ந்த முழக்கம். ஈரச்சாலையில் டயரின் பிடி குறைகிறது. உலர்ந்த சாலையில் நிற்பதைவிடக் குறைந்தது இருமடங்கு தூரம் தேவைப்படுகிறது. ஆதலால் அவர் கைகள் மென்மையாகவும் கண்கள் விழிப்பாகவும் இருந்தன. அறுபதைக் கடந்த அம்மனிதரின் முகத்தில், முதல் மழைக்கு முற்றத்தில் இறங்கிய சிறுவனின் ஒளியைக் கண்டேன்.

எனக்கோ மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், ஒழுகும் கூரையின்கீழ்ப் பாத்திரங்களை வைத்து இரவெல்லாம் விழித்திருக்கும் என் பங்கு மக்கள் நினைவுக்கு வந்தனர். கூரையில்லாதவன் மழையில் நடுங்க, கூரையுள்ளவன் அதை விலக்கி விளையாடுவது தகுமா?

மறைவல்லுநர் புனித தோமா அக்குவினாஸ் விளையாட்டைப் பாவமென ஒதுக்கவில்லை. உழைத்த உடலுக்கு உறக்கம்போல, உழைத்த ஆன்மாவுக்குக் களிப்பு ஓய்வு என்கிறார். நற்செய்தியாளர் யோவான் சீடரோடு விளையாடக் கண்டு இடறல்பட்டவர்களுக்கு, எந்நேரமும் வளைத்தே வைத்த வில் முறிந்துபோகும் என அவர் உணர்த்திய மரபுக்கதையையும் எடுத்துரைக்கிறார். தானும் மகிழாமல், பிறர் மகிழ்வையும் கெடுப்பவனைக் குற்றமுள்ளவன் என்றே கருதுகிறார். ஆயினும் மூன்று வரம்புகளை வகுக்கிறார்: இழிவானதிலோ தீங்கானதிலோ இன்பம் தேடலாகாது, மனத்தின் நிதானம் முற்றிலும் குலையலாகாது, ஆள், காலம், இடம் ஆகியவற்றுக்குப் பொருந்த வேண்டும்.

எனவே, ‘பயனில்லை’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் ஒழுகும் கூரையைப் பற்றிய கேள்வி அத்துணை எளிதில் விலகுவதில்லை. என் நண்பர் தம் காரின் கூரையை மூடிவிடுவதால் ஏழையின் கூரை வேயப்படப் போவதில்லை, உண்மையே. ஆனால் இன்பம் நம் கண்களை மூடிவிட்டால், அது விளையாட்டென்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இதற்கு விடை அடுத்த சிற்றூரில் கிடைத்தது. ஊருக்குள் வேக வரம்பு 30 மைல். வேகம் குறையக் குறைய, அதுவரை தலைக்குமேல் பறந்த மழை எங்கள் மடியில் இறங்கத் தொடங்கியது. பாதசாரிகள் கடக்கும் வரிக்கோட்டருகே, நடைசட்டத்தைப் பற்றியவாறு ஒரு மூதாட்டி காத்திருந்தார். நண்பர் காரை முற்றிலும் நிறுத்தினார். மூதாட்டி அடிமேல் அடிவைத்துக் கடந்தார். வானம் எங்கள்மேல் கொட்டியது. நண்பரின் விரல்கள் பொறுமையிழந்து தாளமிடவில்லை. ‘மெதுவாகச் செல்லுங்கள்’ என்று கையசைத்தார். தொப்பி விளிம்பில் நீர் வழிந்தோட, முகத்திலிருந்த அதே ஒளி மாறாதிருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. விரைந்து சென்றால் நனைவதில்லை. பிறருக்காக நின்றால்தான் நனைகிறோம். இது அந்தக் காருக்கு மட்டுமா பொருந்தும்? செல்வம், பதவி, புகழ், ஏன், பக்தியில் கிடைக்கும் இன்பத்திற்கும் இதுவே இயல்பு. நில்லாமல் ஓடும்வரை உலகின் ஈரம் நம்மேல் படுவதில்லை. ஓர் இன்பம் தூயதா என்பதை அதன் விலையைக்கொண்டு அளக்க இயலாது. அடுத்தவருக்காக அதை நிறுத்த முடிகிறதா, நிறுத்தியபின் முகம் சுளிக்காதிருக்க முடிகிறதா என்பதே உரைகல். கார் ஆதிக்கத்தைக் காட்டும் கருவியாகிவிடலாகாது என, சாலை குறித்த மேய்ப்புப்பணி வழிகாட்டியில் 2007-ஆம் ஆண்டு வத்திக்கான் எச்சரித்ததன் உட்பொருளும் இதுவே.

அசிசியின் புனித பிரான்சிஸ், நிறைவான மகிழ்ச்சி எது என்று சகோதரர் லியோவுக்கு விளக்கியதை நாமறிவோம். மழையில் நனைந்து, குளிரில் விறைத்து, சொந்த மடத்தின் கதவைத் தட்டியும் விரட்டப்படுகையில், அதை அன்புக்காகப் பொறுமையோடு தாங்குவதே அது என்றார். அந்தச் சிகரத்தின்முன் என் நண்பரின் இரண்டு நிமிடப் பொறுமை மிகச் சிறியதுதான். ஆயினும் சிகரத்திற்கான பாதையும் அடிவாரத்திலிருந்துதானே தொடங்குகிறது?

நல்லோர், தீயோர் எனப் பாராமல் மழை பொழியும் தந்தை, தம் பிள்ளைகள் அம்மழையில் மகிழ்வதை வெறுப்பாரா? மகிழ்வோம். தொலைக்காட்சியில் ஆட்டம் சூடுபிடிக்கையில் நம் வாசலில் ஒருவர் குரல் கொடுக்கலாம்; நண்பர்களோடு சிரித்திருக்கையில் தனித்து நிற்கும் ஒருவர் கண்ணில் படலாம். அப்போது நிறுத்துவோம், சற்றே நனைவோம். அப்போதும் நம்மில் எஞ்சி நிற்குமாயின், அந்த மகிழ்ச்சியை அச்சமின்றி இறைவனின் கொடை எனலாம்.